நடந்து கண்ட அறிவு: இயற்கையியலர் மா. கிருஷ்ணன்

முன்னுரை

தமிழ்த்துறை வகுப்புகளில் நாம் குறிஞ்சிப்பாட்டை நடத்துகிறோம். அப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கிறார். தேர்வுக்கு முந்தைய நாள் மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். சிலர் தடையின்றி ஒப்பிக்கவும் செய்கிறார்கள். அவ்வாறு ஒப்பித்த மாணவரைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, பொற்சரமெனப் பூத்துத் தொங்கும் கொன்றையைக் காட்டி, இது என்ன மரம் என்று கேட்டால் பல நேரங்களில் விடை வருவதில்லை. இதில் மாணவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அந்த 99 மலர்களில் நாம் கண்ணால் கண்டவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், கேள்வி கேட்ட ஆசிரியராகிய நாமும் தலைகுனியத்தான் வேண்டியிருக்கிறது.

சொல் நம்மிடம் இருக்கிறது. சொல் சுட்டும் பொருள் நம் கண்ணைவிட்டு அகன்றுகொண்டிருக்கிறது. இலக்கியம் கற்பார்க்கு இஃது ஓர் இழப்பு. இவ்விழப்பை உணர்ந்து, நடந்தும் பார்த்தும் படம்பிடித்தும் வரைந்தும் எழுதியும் ஒரு வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட தமிழர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். அவர்தாம் இயற்கையியலர் மா. கிருஷ்ணன். ஓவியர், எழுத்தாளர், புகைப்படக் கலைஞர், காட்டுயிர் ஆய்வாளர் எனப் பல முகங்கள் கொண்ட அவரது வாழ்வையும், அவரது படைப்பாற்றல் எங்கிருந்து ஊற்றெடுத்தது என்பதையும் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் குடும்பமும்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா. தமிழ்ப் புதின வரலாற்றைப் பயில்வோர் எவரும் மறக்கவியலாத பெயர் அது. பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை 1898இல் வெளியிட்டவர். ஆங்கிலேய அரசின் உப்பு, சுங்கத் துறையில் பணியாற்றியவர். பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்றுப் பஞ்சாமிர்தம் என்னும் இதழை நடத்தியவர். அவருடைய எட்டு மக்களுள் கடைக்குட்டி கிருஷ்ணன். பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிய மா. அனந்தநாராயணன் இவருக்குத் தமையனார்.

மாதவையா சென்னை மயிலாப்பூரில், அந்நாளில் எட்வர்ட் எலியட்ஸ் சாலை என வழங்கிய இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலைப் பகுதியில், வீடு கட்டிக் குடியேறினார். தம் சொந்த ஊரின் நினைவாக அவ்வீட்டுக்குப் பெருங்குளம் என்னும் பெயர் அமைந்தது. இன்று மேம்பாலமும் மாடிக் கட்டடங்களும் நெருங்கி நிற்கும் அப்பகுதி அன்று புதர்க்காடாகக் கிடந்தது. பறவைகள் மிகுந்திருந்தன. நரிகள் ஊளையிட்டன. வெளிமான்கள்கூட அப்பக்கத்தில் நடமாடின. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றை வளர்த்தான். காட்டை நாடி அவன் நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. வீட்டுக் கொல்லையே அவனுக்குக் காடாயிற்று. பிற்காலத்தில் அவர் எழுதிய ஆங்கில நூலொன்றுக்குக் காடும் கொல்லையும் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார் என்பதை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம்.

1925ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அக்குடும்பத்தின் மீது இடி விழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மன்றத்தில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று வாதாடிப் பேசி முடித்த மாதவையா, அம்மன்றத்திலேயே சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. இன்று கல்லூரிகளில் தமிழைப் பாடமாகக் கற்பிக்கும் நம் போன்றோர் அந்த நாளை நன்றியுடன் நினைத்தல் கடனாகும். தந்தையை இழந்த இளையமகனோ, தமக்கையர் தமையன்மாரின் அரவணைப்பில் வளர்ந்தான்.

கல்லூரியும் மலைப்பயணமும்

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்த கிருஷ்ணன், 1927இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். பாடங்களில் அவர் முதல் மாணவராக விளங்கினார் எனச் சொல்வதற்கில்லை. மதிப்பெண் பட்டியலைக் கொண்டு ஒருவரை அளப்போர் அன்று அவரை அளந்திருந்தால் சாதாரண மாணவர் என்றே எழுதி முடித்திருப்பர். ஆயினும் அக்கல்லூரி அவருக்கு ஓர் ஆசிரியரைத் தந்தது. அவரே தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிப் படங்களுடன் கூடிய பெருநூலை எழுதியவர் அவர்.

ஃபைசன் தம் மாணவர்களை வகுப்பறையில் மட்டும் வைத்திருக்கவில்லை. செடி வளரும் இடத்துக்கே அழைத்துச் சென்றார். நீலகிரியிலும் கோடைக்கானல் மலைகளிலும் அவர் நடத்திய கள ஆய்வுகளில் கிருஷ்ணன் உடன் சென்றார். மலைச்சரிவில் ஆசிரியரின் பின்னே நடந்து, இலை நரம்பையும் இதழ் அமைப்பையும் நேரில் கண்டு பெயர் சொல்லப் பழகினார். ஃபைசனின் துணைவியார் தாவரங்களை வண்ணத்தில் தீட்டுவதில் தேர்ந்தவர். நீர்வண்ண ஓவியத்தின் நுட்பங்களைக் கிருஷ்ணன் அவ்வம்மையாரிடம் கற்றுக்கொண்டார்.

நடத்தலும் வரைதலும் ஒரே காலத்தில், ஒரே மலையில், அவருக்கு வாய்த்தன என்பது கருதத்தக்கது. ஒரு செடியைப் படமாக வரைய முனைவோர் அதனை மேலோட்டமாகப் பார்த்து நகர்ந்துவிட முடியாது. தண்டிலிருந்து இலை எக்கோணத்தில் பிரிகிறது, எதிரெதிரே அமைகிறதா மாறிமாறி அமைகிறதா, இதழ்கள் எத்தனை என்று தாள் கேட்டுக்கொண்டே இருக்கும். கண் விடை சொல்லியாக வேண்டும். அவ்வகையில் ஓவியம் அவருக்குப் பொழுதுபோக்கு என்பதைவிடப் பார்க்கும் பயிற்சி என்பதே பொருந்தும். ஒரு நல்லாசிரியரின் நிழல் ஒருவர் வாழ்வில் எவ்வளவு நெடிது நீள்கிறது என்பதற்கும் இது சான்றாகும்.

வேலை தேடிய காலம்

1931இல் இளங்கலைப் பட்டம் பெற்ற கிருஷ்ணன், அடுத்து முதுகலையும் பயின்றார். குடும்பத்தாரின் விருப்பம் வேறாக இருந்திருக்க முடியாது. சட்டமும் படித்து 1936இல் அப்பட்டத்தையும் பெற்றார். ஆனால் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. சிற்றிதழ்களில் கட்டுரைகள் எழுதினார். கோட்டோவியங்களும் கேலிச்சித்திரங்களும் வரைந்து கொடுத்தார். அவ்வப்போது சிறுசிறு பணிகளும் பார்த்தார். வருவாய் நிலையானதாக இல்லை.

பட்டம் பெற்ற மகன் பறவை பார்த்துக்கொண்டும் படம் வரைந்துகொண்டும் இருப்பதை எந்தக் குடும்பமும் மகிழ்ந்து ஏற்பதில்லை. இன்றும் நம் மாணவர்களுள் ஓவியமோ எழுத்தோ கைவரப்பெற்ற சிலர் வீட்டுக்கும் விருப்பத்துக்கும் இடையே தவிப்பதை நாம் காண்கிறோம். பெரியோர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. பசிக்கு ஓவியம் சோறாகாது. கிருஷ்ணனின் வாழ்வு இச்சிக்கலை எளிதாகத் தீர்த்துவைத்ததென்று நாம் சொல்ல மாட்டோம். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அவர் இந்த நெருக்கடியிலேயே இருந்தார். அதன் பின்னரே ஒரு வழி திறந்தது.

சண்டூர் ஆண்டுகள்

பெல்லாரிக்கு அருகே, மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் சண்டூர் என்னும் சிறிய சமஸ்தானம் இருந்தது. மராட்டியக் கோர்ப்படே மரபினர் அதனை ஆண்டனர். 1942இல் அங்கே கிருஷ்ணனுக்கு வேலை கிடைத்தது. சிறிய அரசாகலின், ஒருவரே பல பணிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அலுவலராக இருந்தார், மன்னரின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். படித்த சட்டம் அங்கே பயன்பட்டது.

ஆயினும் அவ்வாண்டுகளின் உண்மையான பயன் அலுவலகத்துக்கு வெளியே விளைந்தது. வேலை முடிந்த பொழுதுகளில் அவர் குன்றுகளிலும் முட்காடுகளிலும் நடந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்களை வளர்த்து, அவற்றின் வாயிலாக அஞ்சல் அனுப்பும் முயற்சியிலும் ஈடுபட்டார். ஆடு மேய்ப்பவன் ஒரு நிலத்தை அறியும் விதம் தனி. எந்தப் புல் எந்த மாதத்தில் தழைக்கும், எந்தப் புதரில் நிழல் கிடைக்கும், ஓநாய் எப்பக்கமிருந்து வரும் என்பன அவனுக்குப் பாடமாகவே இருக்கும். கற்றவர் ஒருவர் அந்தப் பாடத்தைக் கேட்க மேய்ப்பர் பக்கம் போய் நின்றார் என்பதே நமக்கு வியப்பளிக்கிறது.

அக்காடு பெருவிலங்குகள் மலிந்த சோலைக்காடன்று, வறண்ட நிலம். எனினும், வறண்ட நிலத்திலும் உயிர்கள் எவ்வாறு வாழ்கின்றன என்று கூர்ந்து நோக்கும் பழக்கத்தை அது அவருக்குத் தந்தது. அவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகள் ஆங்கில நாளேடுகளில் வெளிவரத் தொடங்கின. 1949இல் சண்டூர் இந்திய ஒன்றியத்தில் இணைக்கப்பட்டது. சமஸ்தானம் மறைந்தது, அதனுடன் அவருடைய வேலையும் முடிவுற்றது.

எழுதுகோலே ஏர்

கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 37. பிறகு அவர் எவரிடமும் நிலையான பணியில் அமரவில்லை. மயிலாப்பூரில் தந்தையார் வாழ்ந்த அதே மண்ணில் எளிய வீடொன்றில் வாழ்ந்துகொண்டு, எழுத்தையும் ஓவியத்தையும் புகைப்படத்தையுமே தொழிலாகக் கொண்டார். துணிவான முடிவு அது. அந்நாளில் இந்தியாவில் இயற்கையைப் பற்றி எழுதி வாழ்க்கை நடத்தியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளேட்டில் இரு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவரும் பத்தியொன்றைத் தொடங்கினார். நாட்டுப்புறக் குறிப்பேடு எனத் தமிழில் அதன் பெயரைச் சொல்லலாம். அன்று தொடங்கிய பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. இரு வாரத்துக்கு ஒன்றெனக் கணக்கிட்டால் கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டும்.

ஆயிரம் கட்டுரைகளுக்குப் பொருள் எங்கிருந்து கிடைத்தது என்பதே படைப்பாற்றலை நாடும் மாணவர் கேட்க வேண்டிய வினா. உள்ளத்தில் உணர்ச்சி பொங்கும் வரை எழுத்தாளன் காத்திருக்க வேண்டும் என்பர் சிலர். நாளேடு காத்திருக்காது. கெடு நாளுக்குள் கட்டுரை கல்கத்தா சேர வேண்டும். கிருஷ்ணன் செய்தது இதுதான்: வெளியே போய் நடந்தார், கண்ணில் பட்டதை நின்று பார்த்தார். காட்டுக்குப் போக முடிந்தபோது யானையும் காட்டெருமையும் பொருளாயின. போக முடியாதபோது கொல்லையில் அணிலும், கூரையில் காகமும், சுவரில் பல்லியும், தெருவில் ஆடும் எருமையும் கழுதையும் பொருளாயின. அரியவற்றைத் தேடி அலைந்து களைப்பதை விட, அருகிலிருப்பதை அரிதாகப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. அக்கண் உள்ளவனுக்கு எழுதப் பொருள் தீருவதில்லை.

ஒவ்வொரு கட்டுரைக்கும் துணையாகத் தம் கையால் வரைந்த கோட்டோவியத்தையோ தாம் எடுத்த படத்தையோ சேர்த்தனுப்பினார். எழுத்தில் மிகுந்த கண்டிப்பு உடையவர். தாம் எழுதியதில் பிறர் கை வைப்பதை அவர் பொறுத்ததில்லை. இயற்கையைப் பற்றி ஆராயாமல் பேசுவோரிடம் கடுமையாக நடந்துகொண்டார். பழகுதற்கு எளியவர் என்று அவரை வருணித்தால் அது மிகையாகும். ஆயினும், கண்டதை மட்டுமே எழுதுவேன் என்னும் உறுதியிலிருந்து பிறந்த கடுமை அது எனலாம்.

புகைப்படக்கலை

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வண்ணப் படச்சுருள் எங்கும் பரவிய பின்னரும் அவர் மாறவில்லை. அவர் பயன்படுத்திய புகைப்படக் கருவி கடையில் வாங்கியபடியே இருந்த ஒன்றன்று. ஓரிடத்துப் பெட்டி, வேறிடத்து வில்லை எனப் பகுதிகளைத் தேடிச் சேர்த்துத் தாமே இணைத்துக்கொண்டது. பருத்தும் கனத்தும் இருந்த அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தார். அதன் கனத்தையே சுட்டும் பெயர் அது.

அக்கருவியைச் சுமந்துகொண்டு முதுமலைக் காட்டிலும் பிற காடுகளிலும் அவர் நடந்தே யானைகளைத் தொடர்ந்தார். சில நேரங்களில் வனத்துறையின் பழக்கிய யானை மீதமர்ந்தும் சென்றார். யானைக்குப் பார்வையைவிட மோப்பம் கூர்மை. காற்று எத்திசையில் வீசுகிறது என்று அறியாமல் அதனை நெருங்குபவர் தம் உயிரோடு விளையாடுபவர். மரநிழலில் வெளிச்சம் குறைவு. அந்நாளைய படச்சுருளின் ஒளியுணர் திறனும் குறைவு. கை நடுங்கினால் படம் கலங்கும். விலங்கு அசைந்தால் பயனில்லை. இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கும் மாணவர்களுக்கு அந்த நிலையை நினைத்துப் பார்ப்பதே கடினம். ஒரு படத்தை வீணாக்கினால் அடுத்த வாய்ப்பு அடுத்த பயணத்தில்தான் என்ற நிலையில், பொத்தானை அழுத்துமுன் நெடுநேரம் பார்த்தாக வேண்டியிருந்தது.

இந்தக் கட்டாயமே அவருக்கு நன்மையாயிற்று. விலங்கின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டி வியக்கவைப்பது அவர் நோக்கமன்று. அது எங்கே நிற்கிறது, என்ன உண்கிறது, தன் கூட்டத்தோடு எவ்வாறு பழகுகிறது என்பதெல்லாம் படத்தில் தெரிய வேண்டும் என்று விரும்பினார். அவர் மறைந்து 10 ஆண்டுகள் கழித்து, 2006இல், அவருடைய படங்களும் எழுத்துகளும் தொகுக்கப்பட்டுப் பெருநூலாக வெளிவந்தன. அவற்றைப் புரட்டுவோர் ஓர் ஆய்வாளரின் சான்றுகளையும் ஒரு கலைஞரின் கண்ணையும் ஒருங்கே காணலாம்.

புகைப்படம் எடுக்கத் தெரிந்தவர் ஏன் மீண்டும் கையால் வரைய வேண்டும் என்ற ஐயம் எழலாம். கருவி அந்த ஒரு நொடியில் முன்னால் உள்ள அனைத்தையும், வேண்டியதும் வேண்டாததுமாக, பதிவு செய்துவிடுகிறது. வரைபவரோ பலமுறை கண்டவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கிறார். வாலாட்டும் பறவையின் வாலாட்டத்தை ஒரு கோட்டில் காட்ட வேண்டுமாயின், அப்பறவையை நூறு முறை பார்த்திருக்க வேண்டும். புகைப்படம் கண்டதற்குச் சான்று. ஓவியம் அறிந்ததற்குச் சான்று. இவ்விரண்டும் நடையிலிருந்தே பிறந்தன. மூன்றும் சேர்ந்த இடத்தில் அவருடைய உரைநடை பிறந்தது. தேவையற்ற அடைமொழி இல்லாத, திருத்தமான நடை அது.

நாடு தழுவிய ஆய்வு

1968இல் அவருக்கு ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை வழங்கப்பட்டது. தீபகற்ப இந்தியாவின் பெரும் பாலூட்டிகளின் சூழலியலை நேரில் ஆராய்வது அவர் மேற்கொண்ட பணி. காடு காடாகச் சென்று விலங்குகளின் நிலையைக் கண்டெழுதினார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் அவ்வாய்வு தொடராக வந்து, 1975இல் நூல் வடிவம் பெற்றது. 1959 முதல் 1970 வரையிலான காலத்தில் நம் காட்டுயிர்கள் இருந்த நிலையை அறிய அந்நூல் இன்றும் உதவுகிறது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் உழைப்பால் அந்நாளில் புகழ்பெற்று விளங்கியதும் அதே கழகமே என்பது நம் மாணவர்கள் அறிய வேண்டியதொன்றாகும்.

இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் உறுப்பினராக இருந்து கிருஷ்ணன் அரசுக்கு ஆலோசனை கூறினார். அவர் ஓயாமல் வலியுறுத்திய கருத்து ஒன்றுண்டு. விலங்கைக் காப்பாற்ற வேண்டுமாயின் அது வாழும் நிலத்தின் சொந்தத் தாவரங்களை முதலில் காப்பாற்ற வேண்டும் என்பதே அது. அயல்நாட்டு மரங்களை நட்டுப் பசுமை பெருகிவிட்டதாக மகிழ்வதை அவர் ஏற்கவில்லை. இந்த மண்ணின் மரமும் கொடியும் புல்லும் மறைந்தால், அவற்றை நம்பிய பூச்சியும் பறவையும் விலங்கும் மறையும் என்றார். மாணவப் பருவத்தில் ஃபைசனின் பின்னே நடந்து கற்ற தாவரவியல், முதுமையிலும் அவருடைய வாதத்துக்கு வேராக நின்றது.

மக்களே காத்துவந்த வேடந்தாங்கலைப் பற்றியும் அவர் விரும்பி எழுதினார். அவ்வூர் ஏரியில் வந்து கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உழவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பறவைகளைச் சுடுவோரைத் தடுக்க வேண்டுமென்று முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் உரிமைப் பத்திரம் பெற்றவர்கள் அவர்கள். இயற்கையைக் காக்கும் எண்ணம் நமக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததன்று என்பதற்கு வேடந்தாங்கல் மக்களைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1995இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகளவில் சிறப்பித்த ஐந்நூறு பேர் வரிசையில் அவர் பெயரையும் சேர்த்தது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், 83ஆம் வயதில், சென்னையில் அவர் காலமானார். அன்றைய ஸ்டேட்ஸ்மன் ஏட்டிலும் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது. இறுதிவரை கெடு தவறாத எழுத்தாளராகவே அவர் விடைபெற்றார்.

தமிழும் கிருஷ்ணனும்

தமிழ்த்துறையைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. தமிழுக்காகப் பேசிய மன்றத்திலேயே உயிர்விட்ட தந்தையின் மகன், தம் எழுத்தின் பெரும்பகுதியை ஆங்கிலத்திலேயே எழுதினார். கல்கத்தா வாசகர்கள் 46 ஆண்டுகள் படித்து மகிழ்ந்ததை நெல்லையிலும் தஞ்சையிலும் வாழ்ந்த வாசகர்கள் அறியாமலேயே இருந்தனர். இதற்கு அவரைக் குறைகூறுவது நேர்மையன்று. எழுத்தையே நம்பி வாழ்பவர், அதற்கு ஊதியமும் இடமும் தரும் ஏட்டுக்குத்தான் எழுத முடியும். இயற்கை பற்றிய கட்டுரைக்கு 46 ஆண்டுகள் தொடர்ந்து இடம் தந்த தமிழ் நாளேடு ஒன்றை நம்மால் காட்ட முடியவில்லை. குறை நம்மிடத்தில்தான் இருக்கிறது.

எனினும் அவர் தமிழை மறந்தவரல்லர். சங்க இலக்கியத்தில் நல்ல தோய்வு உடையவர். தமிழிலும் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். கதிரேசச் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் புதினத்தையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தேடித் தொகுத்து, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் 2002இல் வெளிவரச் செய்தார். அந்நூலைப் படிப்போர், பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தெளிவாகவும் சுவையாகவும் எழுதத் தமிழ் எத்துணை இசைவானது என்பதை உணர்வர். அறிவியலைத் தமிழில் எழுத முடியுமா என்று இன்னும் வினவுவோர்க்கு அந்நூலே விடை.

சங்கப் புலவர்கள் இயற்கையை அறைக்குள் அமர்ந்து கற்பனை செய்தவர்களல்லர். நடந்து கண்டவர்கள். பாணரும் பொருநரும் ஆற்றுப்படுத்தப்பட்ட வழிகளெல்லாம் நடைவழிகளே. அவர்கள் பாடிய அன்றில் எந்தப் பறவை, மகன்றில் எந்தப் பறவை என்று நாம் இன்று கருத்து வேறுபட்டு நிற்பதற்குக் காரணம், உரை குறைந்ததன்று. நம் நடை குறைந்தது. களத்துக்குப் போகாத இலக்கியக் கல்வி, எண்ணெய் தீரும் விளக்கைப் போல் மங்கிக்கொண்டே போகும். இலக்கியத்தையும் களத்தையும் இணைத்துப் பார்த்த கிருஷ்ணனின் வழி தமிழ் கற்பார்க்கு உரிய வழியாகும்.

நிறைவுரை

மா. கிருஷ்ணன் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டியவை எவை? எல்லாரும் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டும் என்பதன்று. அவரும் சட்டம் படித்தார். ஏழாண்டுகள் சமஸ்தானப் பணி பார்த்தார். அதற்கிடையிலேயே நடந்தார், வரைந்தார், எழுதினார். விருப்பத்தை வளர்க்க வேலை தடையன்று என்பதற்குச் சண்டூர் ஆண்டுகளே சான்று.

மாணவ நண்பர்கள் நாளும் அரைமணி நேரம் ஒரே வழியில் நடந்து பாருங்கள். வழியிலுள்ள மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு முழுவதும் கவனியுங்கள். எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது பூக்கிறது, எந்தப் பறவை வந்தமர்கிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். எடுத்ததோடு நில்லாமல், கோடு கோணலாக இருந்தாலும் கையால் ஒருமுறை வரைந்து பாருங்கள். படத்தில் பார்க்காமல் விட்டவை எத்தனை என்று அப்போது தெரியும். கவிதையும் கட்டுரையும் தாமே வரும்.

இம்மலரைப் படிக்கும் நம் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வயலிலும் தோப்பிலும் கடற்கரையிலும் வளர்ந்தவர்கள் நீங்கள். செடிகொடிகளுக்கும் பறவைகளுக்கும் மீன்களுக்கும் ஊர் வழங்கிய பெயர்கள் உங்கள் நாவில் இன்னும் இருக்கின்றன. அவற்றுள் பல அகராதியில் ஏறாதவை. உங்களோடு அவை போய்விட்டால் திரும்பி வருவதில்லை. மாலை நேரத்தில் பேரப்பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, இது இன்ன மரம், இது இன்ன பறவை என்று சொல்லிக் கொடுங்கள். அப்பெயர்களை எழுதிவைக்க நம் மாணவர்கள் குறிப்பேட்டுடன் வருவார்கள்.

அடுத்த ஆண்டு குறிஞ்சிப்பாட்டு நடத்தும் நாளில், 99 மலர்களுள் ஒன்றையேனும் ஒரு மாணவர் கையால் வரைந்து வகுப்புக்குக் கொண்டுவருவாராயின், அந்த ஒரு தாளை நாம் தேர்வு விடைத்தாளினும் மேலாக மதிப்போம்.